லேப்டாப் வேண்டாம், நாலு பேர் சேர்ந்து ஒரு பெட்டி வாங்குங்க

ஒவ்வொரு வருஷமும் ஃபர்ஸ்ட் இயர் வகுப்பு ஆரம்பிச்ச ஒரு மாசத்துல இந்தக் கேள்வி எனக்கு வந்துடும். "அக்கா, ஏஐ-எம்எல் பண்ணணும். எந்த லேப்டாப் வாங்கலாம்? பட்ஜெட் 90 ஆயிரம். அப்பா இஎம்ஐ போட்டுத் தரேன்னு சொல்லியிருக்காங்க." கூடவே ஒரு லிங்க். அந்த லேப்டாப்புல கலர் கலரா லைட் எரியும், மூலையில 'ஏஐ'ன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்.

நான் சொல்ற பதில் ஒண்ணுதான்: வாங்காத. உன் கிளாஸ்ல நம்பிக்கையான மூணு பேரைப் பிடி. நாலு பேரும் காசு போட்டு ஒரு டெஸ்க்டாப் பெட்டி வாங்கி, யார் வீட்டு மாடியிலயாவது வைங்க. இதைச் சொன்னதும் பாதிப் பேர் "சரிக்கா"ன்னுட்டு அதே லேப்டாப்பை வாங்கப் போயிடுவாங்க. மீதிப் பேருக்காக இந்தக் கட்டுரை.

லேப்டாப் விளம்பரத்துல பெருசா போடுறது ப்ராசஸரும் ஸ்க்ரீனும். மெஷின் லேர்னிங்குக்கு முதல்ல பார்க்க வேண்டிய நம்பர் பொடி எழுத்துல இருக்கும்: கிராஃபிக்ஸ் கார்டோட சொந்த மெமரி, அதாவது வி-ரேம். ஆர்டிஎக்ஸ் 3050 லேப்டாப்புல பெரும்பாலும் 4 ஜிபி. 4050 லேப்டாப்புல 6 ஜிபி. டெஸ்க்டாப் 3060-ல 12 ஜிபி இருக்கு. ஆனா அதே 3060 பேரைப் போட்ட லேப்டாப் சிப்புல 6 ஜிபிதான். பேரு ஒண்ணு, சரக்கு வேற. டெஸ்க்டாப்புலயே 8 ஜிபி 3060-ன்னு ஒண்ணை விட்டிருக்காங்க, அதுலயும் ஏமாந்துடாதீங்க.

கார்டு ஸ்லோவா இருந்தா காத்திருக்கலாம். நைட் போட்டுட்டுத் தூங்கினா காலையில முடிஞ்சிருக்கும். மெமரி பத்தலைன்னா காத்திருந்து பிரயோஜனம் இல்ல, 'அவுட் ஆஃப் மெமரி'ன்னு ஒரே வரியில கதை முடிஞ்சிடும்.

கணக்கு ரொம்ப எளிது. ஒரு மாடலை 16 பிட்ல வெச்சா ஒரு பேராமீட்டருக்கு 2 பைட். சும்மா ஓட்டிப் பார்க்க அது போதும். ட்ரெயின் பண்ணணும்னா கிரேடியன்ட், ஆடம் ஆப்டிமைசர் எடுத்து வெச்சுக்கிற ரெண்டு கணக்கு, 32 பிட் நகல் எல்லாம் சேர்ந்து ஒரு பேராமீட்டருக்குச் சுமார் 16 பைட் ஆகும். பேச்சை எழுத்தாக்குற விஸ்பர் மாடல்ல 'ஸ்மால்' சைஸ் எடுத்துக்கோங்க. 24 கோடியே 40 லட்சம் பேராமீட்டர். 16-ஆல பெருக்கினா கிட்டத்தட்ட 4 ஜிபி, அதுக்கு மேல ஆக்டிவேஷனுக்கு இடம் வேணும். 6 ஜிபி கார்டுக்கு மூச்சு முட்டும், 12 ஜிபியில சம்மணம் போட்டு உட்காரும். 700 கோடி பேராமீட்டர் மாடலை இதே மாதிரி முழுசா ட்ரெயின் பண்ண 112 ஜிபி வேணும். அது நம்ம யார் வீட்டுலயும் நடக்காது. ஆனா அதையே 4 பிட்டுக்குச் சுருக்கினா 4 ஜிபி பக்கம் வந்துடும். மேல ஒரு சின்ன அடாப்டரை மட்டும் ட்ரெயின் பண்ணிக்கலாம். 2023-ல வந்த க்யூலோரா செய்யறது இதைத்தான்.

சரி, எங்க பெட்டிக்கு வரேன். 2024 நடுவுல வாங்கினோம். நாலு பேர், ஆளுக்கு 11,500, மொத்தம் 46,000. ப்ராசஸர், போர்டு, 16 ஜிபி ரேம், கேபினெட் எல்லாம் சேர்த்து ஒரு பழைய அசெம்பிள்டு ஐ5 மெஷின் 14,000. செகண்ட் ஹேண்ட் 3060 12 ஜிபி 18,500. பவர் சப்ளை புதுசு, 4,500. ஒரு டிபி எஸ்எஸ்டி 5,000. சின்ன யுபிஎஸ் 4,000. மானிட்டர் கிடையாது, தேவைப்படவும் இல்ல. இப்போ வாங்கினா இதே விலைக்கு முடியாது. 2025 கடைசியில இருந்து ரேம் விலை தாறுமாறா ஏறிக் கிடக்கு. அதனாலதான் ரேமோட சேர்த்து விக்கிற பழைய மெஷினாத் தேடுங்கன்னு சொல்றேன்.

பவர் சப்ளையில மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பழசும் வேண்டாம். பிராண்டட் ஆபீஸ் மெஷின்கள் மலிவாக் கிடைக்கும், ஆனா நிறைய மாடல்ல பவர் சப்ளை அவங்க சொந்த சைஸ்ல இருக்கும், பெரிய கார்டு உள்ளயே போகாது. அளந்து பார்த்துட்டு வாங்குங்க.

கார்டு வாங்க ரெண்டு பேர் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனாங்க. 2022 செப்டம்பர்ல எத்தீரியம் மைனிங் நின்னு போச்சு, அதுல உழைச்ச கார்டெல்லாம் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்துடுச்சு. மைனிங் கார்டுன்னாலே ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன். அரை மணி நேரம் ஃபுல் லோட்ல ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, ஃபேன் சத்தத்தைக் கேளுங்க. ஓட்டிக் காட்ட மாட்டேன்னா வந்த வழியே திரும்பிடுங்க. அப்புறம் நம்ம ஊர்க்காரங்களுக்கு மட்டும் ஒரு டெஸ்ட்: பின்பக்கத் தகட்டுல துரு, போர்டுல பச்சைப் பூஞ்சை மாதிரி ஏதாவது இருக்கான்னு பாருங்க. இருந்தா அந்தக் கார்டு ஏற்கெனவே ஏதோ கடலோரத்துல வாழ்ந்துட்டு வந்திருக்கு. இன்னொரு ஆசை காட்டுற சரக்கு டெஸ்லா கே80. 24 ஜிபின்னு போட்டிருக்கும், உள்ள ரெண்டு 12 ஜிபி சிப். ஃபேன் கிடையாது, புது கூடா அதை ஆதரிக்காது. அதுக்குக் காசைக் கொட்டாதீங்க.

இப்போ பெரிய ஆட்சேபணை. "அக்கா, கோலாப் ஃப்ரீயா இருக்கே. காகிள்ல வாரத்துக்கு 30 மணி நேரம் தராங்களே. எதுக்கு 46,000?"

நியாயமான கேள்வி. நானும் அதுலதான் கத்துக்கிட்டேன். நீங்களும் அதுலயே ஆரம்பிங்க. ஆனா நம்ம ஊர்ல பிறந்தவங்களுக்கு ஒரு கதை தெரிஞ்சிருக்கும். 1906-ல வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி ஆரம்பிச்சார். மூலதனம் 10 லட்சம், பங்கு ஒண்ணு 25 ரூபாய். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் சொந்தக் கப்பல். எதிர்ல இருந்த வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட் விலையைக் குறைச்சுக்கிட்டே வந்து, கடைசியில சும்மாவே ஏறிக்கோங்க, ஒரு குடையும் தரோம்னு சொன்னாங்க. குடை வாங்கினவங்களை நான் குறை சொல்ல மாட்டேன், வெயில் அப்படி. ஆனா கப்பல் எப்போ கிளம்பும், எங்க நிக்கும், அடுத்த மாசம் டிக்கெட் என்ன விலை, இதெல்லாம் குடை வாங்கினவங்க கையில இல்ல.

கோலாப்புல எனக்கு ஆனது அதுதான். பிரவுசரைக் கவனிக்காம விட்டா செஷன் போயிடும். எவ்வளவு கவனிச்சாலும் அதிகபட்சம் 12 மணி நேரம். சில நாள் ஜிபியுவே கிடைக்காது. அவங்க மேல தப்பில்ல, அவங்க மெஷின், அவங்க இஷ்டம். வாடகை மெஷினும் அப்படித்தான். மீட்டர் ஓடுதுன்னு தெரிஞ்சா மனசுல ஒரு பயம் வந்துடும், 'இதை மாத்திப் பார்த்தா என்ன ஆகும்'னு கை போகாது. ஆட்டோல உட்கார்ந்துக்கிட்டு வழி கேக்கிற மாதிரி. என்னைக் கேட்டா, ஆர்வமா ஆரம்பிச்ச நிறைய பேர் ரெண்டாவது மாசமே விட்டுடறதுக்கு மூளை காரணம் இல்ல, இந்த மீட்டர்தான் காரணம்.

எங்க ப்ராஜெக்ட்டைச் சொன்னா புரியும். என் தாத்தா திரேஸ்புரம். சங்கு குளிச்சவர். 1961-க்கு அப்புறம் இங்க முத்துக்குளிப்பு நடக்கல, அதனால அவர் ஆயுசுக்கும் சங்குதான். அவரும் அவர் கூட்டாளிகளும் பேசறதை ஃபோன்ல ரெக்கார்டு பண்ணி விஸ்பர்ல போட்டேன். அவர் 'வள்ளம்'னா அது 'வெள்ளம்'னு எழுதுது. படகு கவிழ்ந்த கதையெல்லாம் வெள்ளத்துல முடியுது. 'சோளகம்'னு தெக்குக் காத்தைச் சொன்னா 'சோளம்'. 'கொண்டல்'னா 'கொண்டால்'. 6 லட்சத்து 80 ஆயிரம் மணி நேரப் பேச்சைக் கேட்டு வளர்ந்த மாடல், எங்க கடற்கரையில ஒரு நாளும் உட்கார்ந்ததில்ல. ஐஐடி மெட்ராஸ்ல ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கு நல்ல வேலை பண்ணியிருக்காங்க, அவங்க மாடலையும் போட்டுப் பார்த்தேன். மேடைத் தமிழுக்கு நல்லா வருது. திரேஸ்புரத்துக்குத் திணறுது.

அப்போ நாமளே ஃபைன்-ட்யூன் பண்ணலாம்னு முடிவு பண்ணினோம். ஆடியோவை எங்க ஏத்தலாம்னு பேசிக்கிட்டு இருந்தப்போ தாத்தா கேட்டுட்டு இருந்தார். "ஏட்டி, அதுல எந்தப் பாருல சங்கு கெடக்குன்னுலாம் சொல்லியிருக்கேன். வெளிய எங்கயும் அனுப்பிராத." பார்னா கடலுக்கடியில பாறைத் திட்டு. எந்தப் பார் எங்க இருக்குங்கிறது அவங்க தொழில் ரகசியம். ஏதோ ஒரு கம்பெனி சர்வர்ல அதை ஏத்திட்டு, 'ப்ரைவசி பாலிசி இருக்கு தாத்தா'ன்னு நான் என்ன முகத்தோட சொல்றது? பெட்டி வாங்கணும்னு நான் முடிவு பண்ணினது அன்னைக்குத்தான். விலை, வேகம் எல்லாம் அப்புறம் சேர்ந்த காரணங்கள்.

ஆறு மணி நேர ஆடியோவை நாலு பேரும் உட்கார்ந்து கையால எழுதினோம். தாத்தா வந்து திருத்தினார். அதுக்கப்புறம் மெஷின்ல ஒரே தப்பு மேல தப்பு. முதல் ரன்ல லேர்னிங் ரேட்டுல ரெண்டு பூஜ்யத்தை விட்டுட்டேன், மாடல் 'ஆமா ஆமா ஆமா'ன்னு பக்கம் பக்கமா எழுதிச்சு. அடுத்தது, நீளமான துண்டுகள்ல பாதி வாக்கியம் காணாமப் போச்சு. மூணு நாள் கழிச்சுத்தான் காரணம் புரிஞ்சது: விஸ்பர் ஒரு தடவைக்கு 448 டோக்கனுக்கு மேல எழுதாது, தமிழ் எழுத்தை அது பொடிப் பொடியா உடைக்குது, 30 விநாடித் தமிழ் அதுக்குள்ள அடங்கல. எல்லாத்தையும் 15 விநாடியா வெட்டினோம். இந்த டோக்கன் தொல்லை நமக்குப் புதுசு இல்ல. 2023-ல அபிநந்த் பாலச்சந்திரன் தமிழ்-லாமா மாடலைச் செஞ்சப்போ, லாமா 2-ஓட அகராதியில 16,000 தமிழ் டோக்கன்களைச் சேர்த்துத்தான் ஆரம்பிச்சார்.

நாப்பது ரன்னுக்கு மேல ஓட்டினோம். உருப்படியா வந்தது நாலோ அஞ்சோ. மணிக்கு இவ்வளவுன்னு காசு கொடுத்திருந்தா ஆறாவது ரன்லயே நிறுத்தியிருப்போம். இப்போ 'வள்ளம்' வள்ளமாவே வருது. 'சோளகம்' இன்னும் தகராறு.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். ஃபைனல் இயர் வந்தா நம்ம ஆளுங்க என்ன பண்றாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். ப்ராஜெக்ட் சென்டர்னு போர்டு வெச்ச இடத்துக்குப் போறாங்க. பேட்ச்சுக்கு இத்தனை ஆயிரம்னு கொடுத்தா கோடு, ரிப்போர்ட், பிபிடி மூணும் பென் டிரைவ்ல வந்துடும். வைவாவுக்கு என்ன கேள்வி வரும்னுகூட சொல்லித் தருவாங்க. கடனை வாங்கி ஃபீஸ் கட்டின வீட்டுல இருந்து இந்தக் காசையும் கேட்டு வாங்கறோம். நாலஞ்சு பேட்ச் இந்தக் காசைச் சேர்த்தா எங்க பெட்டி மாதிரி ஒண்ணு வாங்கிடலாம், அது அடுத்த பேட்ச்சுக்கும் ஓடும். சென்டர்ல வாங்கின ப்ராஜெக்ட்டை இன்டர்வியூவுல ஒருத்தர் "லாஸ் ஏன் குறையல?"ன்னு கேட்டா முழிக்கணும். அந்தக் கேள்விக்கு நான் ராத்திரி ரெண்டு மணிக்கு அழுதுக்கிட்டே பதில் தேடியிருக்கேன்.

லேப் இருக்கேன்னு கேப்பீங்க. நிறைய காலேஜ்ல லேப் சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பூட்டு. ஒரு ட்ரெயினிங் ரன் அஞ்சு மணிக்கு முடியுமா? எங்க நாலு பேர்ல ரெண்டு பேர் ஹாஸ்டல். பொண்ணுங்க ஹாஸ்டல்ல ஆறரைக்கு அட்டெண்டன்ஸ், அதுக்கப்புறம் வெளிய காலை வைக்க முடியாது. அவங்களுக்கு இந்தப் பெட்டி திறந்துவிட்ட கதவு சின்னது இல்ல. வீட்டு பிராட்பேண்ட்ல நேரா உள்ள வர முடியாதுங்கிறதால டெயில்ஸ்கேல் போட்டு வெச்சோம். அவங்க ஹாஸ்டல் கட்டில்ல உட்கார்ந்தபடி எஸ்எஸ்எச்ல உள்ள வந்து ரன்னைப் போட்டுட்டுத் தூங்கிடுவாங்க. இதுக்கு 90 ஆயிரம் லேப்டாப் தேவையே இல்ல. இந்த ஜனவரியில அரசு கொடுத்த 8 ஜிபி லேப்டாப் தாராளம். அதுல ட்ரெயின் பண்ண முடியாதுன்னு மீம் போட்டவங்க எல்லாம் இதை யோசிக்கணும்: அது ஜன்னல், பெட்டி வேற இடத்துல இருக்கலாம்.

வீட்டுல வெச்சா வர்ற பிரச்சினைகளையும் மறைக்காமச் சொல்லிடறேன். முதல்ல உப்புக் காத்து. எங்க வீடு கடலுக்குப் பக்கம்கிறதால அங்க வைக்கல, உள்ள தள்ளி இருக்கிற தோழி வீட்டு மாடியில வெச்சோம். தரையில வைக்கிற பேச்சுக்கே இடமில்ல. 2023 டிசம்பர் வெள்ளத்துல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 94 சென்டிமீட்டர் மழை பெஞ்சதையும், நம்ம தெருவுல படகு ஓடினதையும் மறந்திருக்க மாட்டீங்க. உப்புத் தூசி தனியா இருந்தா பரவாயில்ல, அது ஈரத்தை இழுக்கும், அப்போதான் அரிக்க ஆரம்பிக்கும். கடல் பக்கத்து ஜன்னலை மூடி வைங்க, காத்து உள்ள போற பக்கம் ஒரு ஃபில்டர் துணி கட்டுங்க, மாசம் ஒருதரம் பிரஷ் போடுங்க. லீவுல மூணு வாரம் சும்மா கிடக்கிறதுதான் கெடுதல். ஓடுற பெட்டி சூடா இருக்கும், ஈரம் தங்காது.

அடுத்தது ஈபி பில். முதல் ரெண்டு மாசம் பில் வந்தப்போ தோழியோட அம்மா எங்களை வரிசையா நிக்க வெச்சுக் கேட்டாங்க. பெட்டி ஃபுல் லோட்ல சுமார் 260 வாட். ராத்திரிக்குப் பத்து மணி நேரம்னா 2.6 யூனிட், 60 ராத்திரிக்கு 156. அவங்க வீட்டுல ஏற்கெனவே 380 ஓடுது. 500-ஐத் தாண்டிடுச்சு. தாண்டினா 101-ல இருந்து 200 வரைக்கும் இருக்கிற மலிவு ரேட் போயிடும், 501-ல இருந்து யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல. அதுக்கப்புறம் கார்டை 170 வாட்ல இருந்து 120-க்கு இறக்கி வெச்சோம். ஒரே ஒரு கமாண்ட். வேகம் கொஞ்சம்தான் குறைஞ்சது. இப்போ வாரத்துல நாலு ராத்திரிதான் ஓட்டறோம், மீட்டர் ரீடிங்கை ஃபோட்டோ எடுத்து வெச்சு எங்க பங்கைக் கொடுத்துடறோம். கரண்ட் போனா யுபிஎஸ் சில நிமிஷம்தான் தாங்கும், அதனால அரை மணிக்கு ஒரு செக்பாயின்ட். அனல்மின் நிலையம் இருக்கிற ஊர்ல கரண்ட் கட்டுக்கு செக்பாயின்ட் எழுதறோம், சிரிக்கிறதா அழறதான்னு தெரியல.

இந்தப் பெட்டியால முடியாததும் நிறைய. விஸ்பர் மீடியமை முழுசா ட்ரெயின் பண்ணப் பார்த்தோம், உட்காரல. பெரிய மாடல் வேணும்னா வாடகைதான் வழி. 2024 மார்ச்ல ஒன்றிய அமைச்சரவை 10,300 கோடிக்கு மேல ஒதுக்கின இந்தியாஏஐ மிஷன்ல, மானியத்தோட ஒரு ஜிபியு சராசரியா மணிக்கு 65 ரூபாய்னு அரசு சொல்லுது. நல்ல விலைதான். ஆனா சின்ன மாடல்ல பெட்டியிலயே எல்லாத் தப்பையும் பண்ணி முடிச்சுட்டு, சரியான ஒரு ரன்னுக்கு மட்டும் அங்க போங்க.

சின்னப் பெட்டின்னு கேலி பண்றவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். 2012-ல இந்த டீப் லேர்னிங் அலையையே கிளப்பின அலெக்ஸ்நெட், ரெண்டு ஜிடிஎக்ஸ் 580 கார்டுல ட்ரெயின் ஆனது. ஒவ்வொண்ணுலயும் 3 ஜிபி. கேம் ஆடறவங்க கடையில வாங்கற கார்டு. ஒரு ரன்னுக்கு அஞ்சாறு நாள். அந்த மெஷின் இருந்தது அலெக்ஸ் க்ரிஷெவ்ஸ்கியோட அப்பா அம்மா வீட்டு பெட்ரூம்ல. அங்க உப்புக் காத்து இல்லங்கிறது வேற விஷயம்.

நாலு பேர் காசு போட்டா சண்டை வராதான்னு கேக்கறாங்க. வரும். எங்களுக்கும் வந்துச்சு, டெட்லைனுக்கு முந்தின வாரம், யார் ரன் முதல்லன்னு. ஒரு ஷீட்ல ராத்திரிகளைப் பிரிச்சு எழுதினோம், ரெண்டு நாள் பேசிக்கல, அப்புறம் சரியாச்சு. காசு போடும்போதே எழுதி வெச்சுக்கோங்க: படிப்பு முடிஞ்சா பெட்டி யாருக்கு, கார்டு செத்தா செலவு யாருக்கு. நாங்க இதை எழுதி வைக்கல.

அதனாலதான் இப்போ முழிச்சுக்கிட்டு இருக்கோம். மே மாசம் நாலு பேரும் பாஸ் அவுட். ஒருத்தி சென்னை, ஒருத்தி கோயம்புத்தூர், எனக்கு இன்னும் முடிவாகல. தோழியோட அம்மா "இருக்கட்டும்மா, மாடியில ஒரு மூலைதானே"ன்னு சொல்லிட்டாங்க, பில்லை மட்டும் யாராவது கட்டணும். பெட்டியை வித்துப் பிரிக்க எங்களுக்கு மனசில்ல. செகண்ட் இயர்ல நாலு பேர் சேர்ந்து வந்தா, பங்கு ஒண்ணு 5,000-க்குத் தரோம், ஃபில்டர் துணி இலவசம். குடையெல்லாம் கிடையாது. ஒரு நிபந்தனை: தாத்தாவோட ஆடியோ இருக்கிற டிரைவை மட்டும் நான் கழட்டி எடுத்துப்பேன். 'சோளகம்' சரியா வர்ற வரைக்கும் வாரத்துல ஒரு ராத்திரி எனக்கு வேணும்.